நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒரு மூடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரே ஒரு வாஷிங் மெஷின். தண்ணீர் வெளியேறவில்லை என்று கூப்பிட்டார்கள். டூல் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். வடிகால் குழாயில் ஒரு குழந்தையின் காலுறை சுருண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"உங்க பிக்கப் என்ன ஆச்சு?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதில் இருக்கும் டீசல் சனிக்கிழமைக்கு என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? "சைக்கிள் ஒடம்புக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டீசலுக்கு ரேஷன் அட்டை கொடுத்ததிலிருந்து வாரத்துக்கு இருபத்தைந்து லிட்டர்தான். என் பெண் வண்டுவைச் சனிக்கிழமை பார்க்க விடுவது அவள் அத்தை வீட்டில், நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். போக, வர இருநூற்றுத் தொண்ணூற்றாறு. சென்ற வாரம் போக்குவரத்துக்கு மட்டும் இருபத்தைந்தரை லிட்டர் ஆனது. அதாவது வேலைக்கு வண்டியைத் தொடாமலே இருந்தாலும் வாரம் அரை லிட்டர் துண்டு விழுகிறது. பேருந்து சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவதே இல்லை. கேனில் ரகசியமாக விற்கிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. வண்டி நடுவழியில் நின்றால்?

ஆறு மாதத்தில் மூன்று சந்திப்பு தவறினால் உத்தரவை மாற்றலாம் என்று கோர்ட் உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. ஒன்று பங்க்கில் டீசல் தீர்ந்த அன்று, ஒன்று வண்டியின் பெல்ட் அறுந்த அன்று.

இன்னும் ஒன்றுதான். அதை நான் விட மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

டேங்க்கில் அளவுக்கம்பி விட்டுப் பார்த்தேன். பதினாறரை. நேற்றும் பதினாறரை லிட்டர்தான். நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் டீசல் குறையுமா என்று தினமும் பார்க்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 7, சனி

ஏழு பத்துக்குக் கிளம்பினேன். ஒன்பதே காலுக்கு அங்கே. சந்திப்பு பத்திலிருந்து இரண்டு வரை. எப்போதும் போல எதிர் வரிசையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு, வாழைப்பழம் ஒன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரியாகப் பத்துக்கு நாத்தனார் கதவைத் திறந்தாள். கையில் பதிவேடு. வந்த நேரம், கையெழுத்து. போகும்போது அதேபோல். "வாங்க அண்ணி" என்பாள். விவாகரத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது, அந்த 'அண்ணி' மட்டும் விடவில்லை. மரியாதையா, குத்தலா, இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

வண்டுவுக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. மூச்சு விடாமல் பேசினாள். பிறந்ததிலிருந்து இந்த ரீங்காரம்தான், அதனால்தான் அந்தப் பெயர். ஒன்பது வயதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது? எனக்குப் பதில் சொல்லவே இடம் கிடைக்காது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டு மணிக்கு வெளியே வந்து, அந்த ஊர்க் கடைத்தெருவில் பஞ்சர் பார்க்க நின்றேன். பக்கத்தில் சீட் கவர் கடை. கடைக்காரர் என் வண்டியைச் சுற்றி வந்தார்.

"அக்கா, பின்னாடி தொட்டிய இப்பிடித் தெறந்து போட்டுட்டு ஓட்டுறீங்களே. காத்து பூரா உள்ள போய் முட்டுது. பின் கதவு பாராசூட் மாதிரி இழுக்கும். ஒரு மூடி போடுங்க, மைலேஜ் கூடும்."

"எவ்வளவு கூடும்?"

"போட்டுப் பாருங்க, நீங்களே சொல்லுவீங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இன்று வண்டுவின் ஓட்டைப் பல் கண்ணுக்குள் நின்றது. வாங்கிவிட்டேன். கறுப்பு ரெக்சின், குறுக்கே நாலு கம்பி, ஓரம் முழுக்கப் பட்டன். மாட்ட நாற்பது நிமிடம். மூன்று பத்துக்குக் கிளம்பினேன். வீடு வந்து சேர்ந்தபோது ஆறு இருபது. வழியெல்லாம் என்னென்னவோ நினைத்துக்கொண்டு, மெல்ல வந்தேன். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?

மார்ச் 8, ஞாயிறு

என் வண்டி கிழட்டு வண்டி. டீசல் முள் செத்து நாலு வருஷம். டேங்க்கின் வாய் நேராக இறங்கும்; அதற்காக ஒரு கம்பி செய்து வைத்திருக்கிறேன். லிட்டர் லிட்டராக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ரம்பத்தால் ஒரு கோடு. மெஷின்களில் தண்ணீர் மட்டம் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. கால் லிட்டர் கூடத் தப்பாது.

போகும்போது, மூடி இல்லாமல்: 13.9 லிட்டர்.
வரும்போது, மூடியோடு: 11.6 லிட்டர்.

மூன்று தடவை கம்பியைத் துடைத்துத் துடைத்து விட்டுப் பார்த்தேன். 11.6. அதே சாலை, அதே வண்டி, அதே நான். மாறியது மூடி ஒன்றுதான். இரண்டு லிட்டருக்கு மேல் மிச்சம்!

என் ரிப்பேர் கடைக்கு வெளியே நின்று அந்த ரெக்சினைத் தடவிக் கொடுத்தேன். எதிர்க்கடை டெய்லர் பார்த்துவிட்டு, "என்ன மேடம், வண்டிக்குக் காய்ச்சலா?" என்றார். சிரித்தேன். சத்தமாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

பெண்கள் விடுதி வார்டன் கூப்பிட்டார். மூன்று பெரிய மெஷின்கள் நின்றுபோயிருக்கின்றன. இங்கே எடுத்து வந்து பிரித்துத்தான் பார்க்க வேண்டும். "வியாழனுக்குள்ள எடுத்துட்டுப் போகலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார். விடுதி ஊருக்கு வெளியே. இரண்டு நடை, நாலு லிட்டர்.

வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னார்: நிலையான வேலை, ஒரு தனி வீடு, இது இரண்டையும் காட்டினால்தான் வண்டுவை வாரக்கடைசிக்கு இங்கே அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும். கடைக்குப் பின்னால் ஒரே அறை, குழந்தைக்குப் போதாது. அன்று உத்தரவில் இதைத்தான் எழுதினார்கள். படித்தபோது கூசிப்போனேன். விடுதி வேலை கிடைத்தால் வருடம் முழுக்க ஓடும்.

அட்டையில் மிச்சமெல்லாம் போட்டாயிற்று. டேங்க்கில் பதினாறு. புது வாரத்து டீசல் சனிக்கிழமை எட்டு மணிக்குத்தான், நான் அதற்கு முன்பே சாலையில் இருப்பேன். திரும்பி வர அந்த ஊர் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம். போவதற்கு வேண்டியது 11.6.

16 - 4 = 12. போதும். போதும்தானே?

மார்ச் 12, வியாழன்

மெஷின்களைக் கொண்டு வந்துவிட்டேன். கம்பி சரியாகப் பன்னிரண்டைக் காட்டுகிறது. மூடியின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒன்று கூடத் தளரவில்லை.

மார்ச் 14, சனி

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நின்றுவிட்டது. நூற்று இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில், இரண்டு பக்கமும் வெறும் வயல், வண்டி ஒரு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. மணி ஒன்பது. கம்பியை விட்டால் நுனி கூட நனையவில்லை. எப்படி? எப்படிடீ? மூடி இருந்ததே, நல்லாத்தானே மாட்டியிருந்தேன்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "பதினொண்ணு வரைக்கும் பாக்கறோம் அண்ணி. அதுக்கு மேல குழந்தைய காக்க வெக்க முடியாது. உத்தரவுலயே அப்பிடித்தான் இருக்கு." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியிருக்கலாம்.

பத்தொன்பது கிலோமீட்டர். நடந்தேன். அட்டை வந்த பிறகு அந்தச் சாலையில் வண்டியே கிடையாது. போன இரண்டு லாரிகளும் நிற்கவில்லை. ஓடினேன், மூச்சு வாங்கியது, நடந்தேன், மறுபடி ஓடினேன். கோழி ஏற்றிப் போகிற வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தியபோது பதினொன்றே கால். பின்னால் கூண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன்.

பதினொன்று நாற்பதுக்கு அந்த வாசலில் நின்றேன், தலையெல்லாம் இறகு. நாத்தனார் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"பதினொண்ணாச்சு, எழுதிட்டேன். அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"அவ அழுதாளா?"

சொம்பை வாங்கிக்கொண்டாள். வாசலில் வண்டுவின் செருப்பு இல்லை.

கேனில் ஊற்ற மாட்டேன் என்றான் பங்க்காரன். சட்டம் பேசினான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து லிட்டர் கொடுத்தான். திரும்பப் போய், குழாயில் ஏறியிருந்த காற்றை எடுத்து, கிளப்பி, வழியில் மிச்சத்தையும் போட்டுக்கொண்டு, மிதித்தேன். யார் மேல் இருந்த கோபமோ, ஆக்சிலரேட்டர் தரையில் முட்டியது.

மூணாவது. முடிஞ்சுது. நானே முடிச்சுட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

சீட் கவர் கடைக்காரருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, கூடும்னுதான் சொன்னேன். எவ்வளவுன்னு நான் சொல்லவே இல்லியே."

உண்மைதான். எவ்வளவு என்று சொன்னது நான்தான்.

மார்ச் 16, திங்கள்

நேற்று முன்தினம் பங்க்கில் மிச்சத்தைப் போட்டபோது பழக்கதோஷத்தில் கம்பி விட்டுக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். இப்போதுதான் பார்த்தேன். அங்கிருந்து வீட்டுக்குக் கிலோமீட்டருக்கு ஆன டீசல், மூடி இல்லாமல் போன அன்றைக்கு ஆன அதே அளவு. மூடி மேலேதான் இருந்தது. மாறவே இல்லை.

அப்படியானால் 11.6 எங்கிருந்து வந்தது?

இந்த நோட்டைத் திருப்பினேன். மார்ச் 7. போனது இரண்டு மணி ஐந்து நிமிடம். வந்தது மூன்று மணி பத்து நிமிடம்.

இவ்வளவுதான். இதுதான். போகும்போது தொண்ணூறு, தொண்ணூற்றைந்தில் பறந்திருக்கிறேன். வரும்போது அறுபதைத் தாண்டவில்லை, அந்த ஊரை விட்டு வர மனசில்லாமல். டீசலை மிச்சம் பிடித்தது ரெக்சின் இல்லை, என் துக்கம்.

ஒரு மெஷின் கெட்டால் முதலில் மோட்டாரைச் சந்தேகிப்பேன், பிறகு குழாயை, பிறகு பெல்ட்டை. கம்பியைச் சந்தேகித்தேன், மூடியைச் சந்தேகித்தேன். ஓட்டுகிறவளைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதே சாலை, அதே வண்டி, அதே நான் என்று எட்டாம் தேதி எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில். அதே நானா? போகிறவள் வேறு, வருகிறவள் வேறு.

இதை விடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பத்து மணிக்குத் திறக்கிற கதவுக்கு ஒன்பதே காலுக்குப் போய் நிற்க ஏன் அப்படிப் பறந்தேன்? இருபது நிமிடம் முன்னால் கிளம்பி ஆற அமரப் போயிருந்தால் பத்துக்குச் சரியாகச் சேர்ந்திருப்பேன், பன்னிரண்டு லிட்டரே போதும். வீட்டில் உட்கார முடியாமல், அந்தத் தெருவில் போய்ச் சும்மா உட்காருவதற்காக, வாரா வாரம் இரண்டு லிட்டரைக் காற்றில் விட்டிருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் யாருக்கு என்ன பிரயோஜனம்?

மார்ச் 19, வியாழன்

அவர்கள் மனு போட்டுவிட்டார்கள். 27-ம் தேதி விசாரணை. அதுவரை சந்திப்பு கிடையாது.

வக்கீலம்மா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "தயவு செஞ்சு மூடி, கம்பின்னு எதையும் அங்க சொல்லிடாதீங்க. வண்டி பழுதுன்னு சொல்லுவோம்."

பழுது வண்டியில் இல்லையே என்றேன். "அது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

மார்ச் 21, சனி

போக இடமில்லாத சனிக்கிழமை. ஊரைச் சுற்றிய சாலையில், அறுபதிலேயே, மூடியோடு நாற்பது கிலோமீட்டர், கழற்றிவிட்டு நாற்பது. கம்பியில் வித்தியாசமே தெரியவில்லை. இருந்தால் ஒரு டம்ளர் இருக்கும். அந்த ஒரு டம்ளரை நம்பித்தான் என் பெண்ணைப் பணயம் வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

"ஏன் வரல?" என்று நேராக என்னைத்தான் கேட்டார் நீதிபதி. வக்கீலம்மா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். கம்பி, மூடி, அறுபது, தொண்ணூறு, எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை. நீதிபதி ஏதோ எழுதினார். வண்டுவின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைவும் இப்போதைய டீசல் நிலைமையும் கருதி, ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு சந்திப்பு. முதல் சனிக்கிழமை.

என் மேல் இரக்கப்பட்டுக் குறைத்திருக்கிறாராம். வெளியே வந்து வக்கீலம்மா சொன்னார். "இனிமே உங்களுக்கு டீசல் பிரச்சன இருக்காது, பாருங்க."

ஆமாம். இனிமே டீசல் வழியும்.

மார்ச் 29, ஞாயிறு

சாப்பிடவில்லை. விடுதி மெஷின்கள் பிரித்தது பிரித்தபடி கிடக்கின்றன.

மார்ச் 31, செவ்வாய்

வார்டன் ஆள் அனுப்பினார். எழுந்தேன். இரண்டில் பேரிங், ஒன்றில் பம்ப். மூன்றையும் முடித்துக் கொண்டு போய் மாட்டினேன். "மத்த மெஷினயும் நீங்களே பாத்துக்குங்க" என்றார். நல்ல செய்தி. யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 4, சனி

இந்தத் தடவை புத்தியாக, ஏழு மணிக்கு முன்பே கிளம்பி அறுபதிலேயே போனேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வாசலில். டேங்க் நிறைய டீசல் இருந்தது, பறந்திருக்கலாம். பறக்கவில்லை. பெருமையாகக் கூட இருந்தது.

கதவு திறந்ததும் வண்டு ஓடி வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேசவில்லை. என் வண்டு, பேசவில்லை. நாத்தனார் சமையலறைக்குள் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீ வரலன்னு நெனச்சேன்."

"பத்து மணிக்குத்தானே கண்ணு? அம்மா அதுக்கு முன்னாடியே வந்துட்டேனே."

"நீ ஒம்போதே காலுக்கு வந்துடுவே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாடி ஜன்னல்ல இருந்து பாப்பேன். நீ தல சீவுவே, பழம் சாப்புடுவே, தோல பைல போட்டுக்குவே. ஒரு நாள் தூங்கிட்டே. அத்தைக்குத் தெரியாது."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ வராதப்ப, ஒம்போதே காலுலேந்து நின்னேம்மா. இன்னிக்கும் வண்டியக் காணோம். அதான்."

வாராவாரம். நான் வீண் என்று எழுதிய முக்கால் மணி நேரம். நாலு மணி நேரம் என்று உத்தரவில் எழுதியிருந்தது. இந்தக் குழந்தை அதைத் தானாகவே நாலே முக்கால் ஆக்கி வைத்திருந்தது. எனக்குத் தெரியாமல், யாருக்கும் தெரியாமல். கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். நாத்தனார் டீயோடு வந்து, பார்த்துவிட்டு, டம்ளரைப் படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு பேச ஆரம்பித்தாள். இரண்டு மணி வரை நிறுத்தவில்லை.

அடுத்து மே இரண்டு. இருபத்தெட்டு நாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வக்கீலம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். போனில் உத்தரவைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வாசல்ல மணி அடிக்கக் கூடாது. பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது. தெருவுல வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவுல எங்கயும் எழுதல." பிறகு, "நான் எதுவும் சொல்லல" என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

மூடியை எதிர்க்கடை டெய்லருக்குக் கொடுத்துவிட்டேன். மழை வந்தால் கடை முன்னால் கட்டிக்கொள்வாராம். இந்த வாரம் விடுதிக்கு ஒரே நடைதான் வண்டியில், மற்றதெல்லாம் சைக்கிள். கம்பி: பன்னிரண்டரை.

ஏப்ரல் 11, சனி

சந்திப்பு இல்லாத வாரம்.

ஆறு மணிக்கு முன்பே கிளம்பினேன். அறுபதைத் தாண்டவில்லை. ஒன்பது பத்துக்கு எதிர் வரிசையில் நிறுத்தினேன். தலை சீவினேன். பழத்தை மெதுவாகச் சாப்பிட்டேன்.

மாடி ஜன்னலில் இருந்தாள். கை அசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.

பத்து மணிக்கு வண்டியைக் கிளப்பினேன். போக 11.7, திரும்ப 11.6.